முன் இடது சக்கரம்

முன் இடது சக்கரம் தானாகப் போனதா, பாறையில் மோதியதால் போனதா என்பதுதான் எங்களுக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில் நின்ற ஒரே கேள்வி. தானாகப் போனது என்றால் பழி எங்கள் வீட்டுக்கு. மோதியது என்றால் பழி அவருக்கு. மோதியதுதான் என்று நான் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

எங்கள் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடும் பள்ளமும் மணலும் பாறையுமாகக் கிடக்கும் பெரிய நிலம் ஒன்றில் ஏடிவி வண்டிகளை வாடகைக்கு ஓட்ட விடுகிறோம். பருத்த டயர் நான்கு, மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போன்ற கைப்பிடி, ஒருவர் உட்கார ஒரு சீட். சாலைக்கு உதவாத வண்டி. உற்சாகத்துக்கு மட்டும் உதவும். வாரம் முழுக்க மேசைக்கு முன்னால் குனிந்து கிடப்பவர்கள் விடுமுறையில் வந்து, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் புழுதி தின்றுவிட்டுச் சிரித்த முகமாகப் போவார்கள். மொத்தம் பன்னிரண்டு வண்டிகள். நடத்துவது என் மகள். வாசல் பலகையில் இருப்பது என் தகப்பனார் பெயர்.

அவர் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். அவருக்குப் பின் நாற்பது வருஷம் நான் அதே பட்டறையில் நின்றேன். எங்களிடமிருந்து போன வண்டியில் நட் கழன்றது என்று ஒருவரும் ஒரு நாளும் திரும்பி வந்து நின்றதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

லாரிகள் எல்லாம் கம்பெனி சர்வீஸுக்கே போகத் தொடங்கியதும் மகள் பட்டறையை இழுத்து மூடிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தாள். எனக்கு அது பொம்மைக் கடை போலத்தான் தெரிந்தது. ஆனாலும் பலகையில் பெயர் இருக்கிறதே என்று தினமும் காலையில் போய்விடுவேன். பட்டறையிலிருந்து எங்களோடு வந்த ஃபிட்டர் ஒருவன் உண்டு. ஒரு நட்டைக் கழற்றச் சொன்னால் அதை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பான். அதனால் அவனுக்கு அவசரம் என்று பெயர் வைத்தோம். அவனுடைய சொந்தப் பெயரை அவன் மனைவிகூட மறந்திருப்பாள்.

அந்த அம்மாள் நகரப் பேருந்து ஓட்டுபவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கூட வேலை செய்கிறவர்களோடு ஒரு விடுமுறை நாளில் வந்தார். மூன்றாவது சுற்றில், வடக்குச் சரிவில் இறங்கும்போது வண்டி இடது பக்கம் சாய்ந்து உருண்டு அவர் மேலேயே விழுந்தது. அவசரம் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் எலும்பும் போயிருந்தது. முன் இடது சக்கரம் கீழே புதருக்குள் கிடந்தது. சரிவின் அடியில் ஒரு பாறையில் வண்டியின் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

எனக்கு அந்தப் பெயின்ட் போதுமானதாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து பேருந்து நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஓட்டுநர் ஒருவர் உங்கள் இடத்தில் விபத்துக்குள்ளாகியிருக்கிறார், ஓட்டியதில் தவறு உண்டா என்று கேட்டிருந்தார்கள். "வண்டி குறையற்றது. ஓட்டியவர் கட்டுப்பாடு இழந்து பாறையில் மோதினார்" என்று எழுதினேன்.

"வண்டியைப் பார்த்துட்டா எழுதறீங்க?" என்று மகள் கேட்டாள். விபத்துக்குள்ளான வண்டியையும் சக்கரத்தையும் போலீஸ்காரர்கள் அன்றே தார்ப்பாயில் கட்டி முத்திரை வைத்துவிட்டார்கள்.

"பார்க்கறதுக்கு என்ன இருக்கு? வண்டி நம்மளது."

"அதான் கேக்கறேன்ப்பா."

நான் உறையை ஒட்டினேன்.

பின்னாலேயே அந்த அம்மாளின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. எங்கள் வக்கீல் மெலிந்த மனிதர். நாற்காலியில் முழுதாக உட்காரவே மாட்டார். ஏறுவதற்கு முன் எல்லோரும் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தை அவர் முன்னால் வைத்தேன். விபத்து நேர்ந்தால் பொறுப்பு என்னுடையது என்று அதில் அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"இது இருக்கே, போதாதா?"

"ஐயா, இந்தப் படிவம் மேட்டுக்குப் பதில் சொல்லும், பள்ளத்துக்குப் பதில் சொல்லும், அவங்க வேகமாப் போனா அதுக்கும் பதில் சொல்லும். நம்ம பராமரிப்புல ஓட்டை இருந்தா, அதுக்கு இது வெறும் காகிதம்."

"ஓட்டை இல்லை."

"அப்ப கவலை இல்லை" என்றார் அவர், கவலையோடு.

நான் ஒரு முறை மருத்துவமனைக்குப் போனேன். வக்கீல் தடுத்தார். எங்கள் இடத்தில் அடிபட்டவரைப் போய்ப் பார்க்காமல் இருப்பது எங்கள் வீட்டு வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கட்டிலில் போர்வை அவருடைய இடுப்புக்கு மேல் கூடாரம் போல நின்றது. நர்ஸ் வந்து போர்வையை விலக்கியபோதுதான் ஏன் என்று புரிந்தது. இடுப்பெலும்பின் இரு பக்கமும் எஃகுக் கம்பிகள் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. அவற்றைக் குறுக்கே ஒரு சட்டம் பிணைத்திருந்தது. சட்டத்தில் சின்னச் சின்ன நட்டுகள். வயசெல்லாம் இரும்போடு புழங்கியவன் நான். இரும்பு ஒரு மனித எலும்பைப் பிடித்துக்கொண்டு, அதன் மறு முனை வெளியே காற்றில் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். அந்தச் சட்டத்துக்கு நடுவில் ஒரு வயிறு மூச்சுக்கு ஏறி இறங்கியது.

அவருடைய அண்ணன் பக்கத்தில் இருந்தார். தையற்காரர், கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"பாருங்க பெரியவரே. உங்க வண்டி வெட்டிக் கொடுத்த துணி. நாங்க தெச்சுக்கிட்டு இருக்கோம்."

கிண்ணம் போன்ற ஒரு எலும்பு, மூன்று இடத்தில் பிளந்திருந்தது. ஒவ்வொரு பிளவைச் சுற்றியும் வெள்ளைப் புகை படிந்தது போல் ஏதோ இருந்தது. அழுக்கா என்று கேட்டேன். "புது எலும்புங்க, தானா வளருது" என்றார் நர்ஸ். யாரும் சொல்லாமல், யாரும் பிடிக்காமல், உடைந்த இரண்டு கரையிலிருந்தும் புகையாகப் புறப்பட்டு ஒன்றையொன்று தேடி வருகிறது. நான் அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த காரியம் மறந்துவிட்டது.

"ஐயா, சக்கரந்தான் முதல்ல போச்சு" என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை. நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது போல் சொன்னார். "சரிவுல பாதி வந்திருப்பேன். இடது கைப்பிடி லேசாச்சு. அப்புறந்தான் வண்டி சாஞ்சது. பாறையெல்லாம் கடைசியில."

"அதை ஆய்வு பண்றவங்க சொல்வாங்கம்மா."

"உங்களுக்குத் தெரியாதா?"

"எங்க வீட்டு வண்டியில நட் கழலாது. இத்தனை வருஷத்துல ஒண்ணு கழன்றதில்லை."

"நானும் பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டறேன். ஒரு கீறல் விழுந்ததில்லை. இப்ப எங்க ஆபீஸ்ல உங்க கடுதாசியை மேல வெச்சுக்கிட்டு, இவ கையில மறுபடி ஸ்டியரிங்கைக் கொடுக்கலாமான்னு யோசிக்கறாங்க."

"விடு" என்றார் அண்ணன். "பெரியவர் வண்டியைக் கேட்டு எழுதியிருக்காரு. உன்னைக் கேக்கல."

நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். படியிறங்கும்போது ஒன்று நெருடியது. நான் சொல்லும் அதே வார்த்தையைத்தான் அந்த அம்மாளும் சொன்னார். வருஷக் கணக்கும், ஒன்றுகூட இல்லை என்பதும். என் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொண்டு எதிரே வந்தது போல் இருந்தது.

ஆய்வு நடந்தது விபத்து நடந்து ஐந்தாவது மாதம். இரண்டு வக்கீல்களும் ஒத்துக்கொண்டு ஒரு நிபுணரை அமர்த்தினார்கள். ஒடிந்த உலோகத்தைப் பார்த்து அது ஏன் ஒடிந்தது என்று சொல்வதுதான் அவர் தொழில். ஐம்பது வயதுப் பெண்மணி, கனத்த கண்ணாடி, கையில் தகரப் பெட்டி. எங்கள் கொட்டகையிலேயே, இரு தரப்பும் பார்க்க, முத்திரையை உடைப்பது என்று ஏற்பாடு. அந்த அம்மாளும் வந்திருந்தார். கம்பிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். ஊன்றுகோலோடு, ஒவ்வொரு அடியையும் கேட்டுக் கேட்டு வைப்பது போல் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் பின்னால் நின்றார். அவர்கள் வக்கீல் வேறு வழக்கில் இருந்ததால் எதுவாக இருந்தாலும் எழுதி வாங்கி வரச் சொல்லி அண்ணனை அனுப்பியிருந்தார்.

சக்கரம் மாட்டும் வட்டத் தட்டில் நான்கு போல்ட்டுகள் இருக்க வேண்டும். நான்கும் அடியோடு ஒடிந்து, அடிக்கட்டை மட்டும் நின்றது. நிபுணர் அவற்றைப் பஞ்சில் ஏதோ திரவம் நனைத்து, குழந்தையின் கண்ணைத் துடைப்பது போல் துடைத்தார். பிறகு வெறுமனே பார்த்தார். கால் மணி நேரம் பார்த்தார்.

அவசரம் என் காதருகில் வந்தான். "ஐயா, இந்தம்மா என் கட்சி."

நிபுணர் ஒரு சின்னக் கேமராவைப் போல்ட்டின் மேல் நிறுத்தி, திரையைப் போட்டார்.

என் சுண்டுவிரல் பருமன் இருக்கும் போல்ட் அது. அதன் ஒடிந்த முகம் திரையில் தாம்பாளம் அளவுக்கு விரிந்தது. அதைப் போல் ஒன்றை நான் பார்த்ததில்லை. ஓரத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து வளைவு வளைவாகக் கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, தண்ணீர் பின்வாங்கின ஈர மணலில் படிந்திருக்குமே அப்படி. புள்ளிக்குப் பக்கத்தில் கோடுகள் கறுத்தும் நெருங்கியும் இருந்தன. போகப் போக இடைவெளி அகன்றது, நிறம் வெளுத்தது. மறு ஓரத்தில் பிறை அளவுக்கு ஒரு துண்டு மட்டும், சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல் பொருபொருவென்று மின்னியது.

"இங்க ஆரம்பிச்சிருக்கு" என்றார் நிபுணர், புள்ளியைக் காட்டி. "வண்டி ஓடறப்ப ஒரு மயிரிழை விரியும். நின்னா அதுவும் நிக்கும். மறுபடி ஓடறப்ப இன்னொரு மயிரிழை. ஒவ்வொரு தடவை நின்ன இடத்துலயும் ஒரு கோடு. இந்த வெள்ளைப் பிறை மட்டுந்தான் அன்னிக்கு ஒடஞ்சது."

"மத்ததெல்லாம்?" என்றாள் மகள்.

"ஏற்கனவே போயிருந்தது. இந்தக் கறுப்பைப் பாத்தா ரெண்டு மாசத்துக்குக் குறையாது. இவ்வளவு நாளும் இந்தப் பிறைதான் சக்கரத்தைத் தாங்கியிருக்கு."

எங்கள் வக்கீல் நாற்காலி நுனிக்கு வந்தார். "மோதினதால ஒடஞ்சிருக்கலாம் இல்லையா?"

"மோதி ஒடஞ்சா முகம் பூரா பொருபொருன்னு இருக்கும், போல்ட்டும் வளைஞ்சிருக்கும். நாலும் நேரா நிக்குது, நாலுலயும் இதே கோடு. இவங்க பாறைக்கு வர்றப்ப வண்டியில அந்தச் சக்கரமே இல்ல."

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் கழுத்து நாடாவின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். 

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் பழி அதில் எழுதியிருந்தது. ஆனால் அப்போது எனக்குத் தோன்றியது பயம் இல்லை. எங்கள் பட்டறையில் ஒடிந்த போல்ட்டுக்கு ஒரே மரியாதைதான்: தூக்கிக் குப்பையில் போடு. எத்தனை ஆயிரம் போட்டிருப்பேன். அவை ஒவ்வொன்றின் முகத்திலும் இப்படி நாள் நாளாக எழுதியிருந்திருக்கிறது. படிக்க ஆளில்லாமல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஏன் விரிஞ்சுது?" என்று கேட்டேன். 

நிபுணர் பெட்டியிலிருந்து சீப்பு போன்ற ஒரு தகட்டை எடுத்தார். புது போல்ட் ஒன்றின் மரையில் அதை வைத்தார். பல்லும் மரையும் ஒன்றாகப் பொருந்தின. அதே வண்டியின் பின் சக்கரத்தில் ஒரு போல்ட்டைக் கழற்றி அதில் வைத்தார். பொருந்தவில்லை. பல்லுக்கும் மரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"இழுபட்டிருக்கு. எஃகு ஒரு அளவுக்குத்தான் பொறுக்கும். அதுக்கு மேல இறுக்கினா ரப்பர் மாதிரி நீளும், ஆனா ரப்பர் மாதிரி திரும்பாது. நீண்ட போல்ட்டுக்குப் பிடிமானம் போயிடும். அப்புறம் ஒவ்வொரு குலுக்கலும் அதைப் பிளக்கும்." அவர் மகளைப் பார்த்தார். "இறுக்கறது யாரு?"

மகள் நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தினமும் காலையில் டார்க் ரெஞ்ச்சால் எல்லா வீல் நட்டையும் இறுக்குவது அவள். வேண்டிய அளவை அதில் முன்பே வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் டிக்கென்று சத்தம் கொடுத்து நிறுத்தச் சொல்லும். நிபுணர் நோட்டைப் புரட்டினார். ரெஞ்ச்சை வாங்கிச் சோதித்தார்.

"ரெஞ்ச் சரியா இருக்கு. அளவும் சரி. இந்த அளவுக்கு போல்ட் நீளாது. வேற ஒரு கை பட்டிருக்கு."



அந்தக் கை என்னுடையது. மகள் இறுக்கி முடித்ததும் தினமும் நான் என் நீள ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டி வண்டியாகப் போவேன். நட்டுக்கு ஒரு இழுப்பு. லாரிச் சக்கரத்தை ஸ்பானரில் குழாய் சொருகி, அதன்மேல் ஏறி நின்று இறுக்கிய உடம்பு இது. ரெஞ்ச் டிக்கென்று சொன்னால் அது கம்பெனிக்காரன் சொன்னது. நான் இழுத்தால்தான் எங்கள் வீட்டு வண்டி என்று நினைப்பு. "போதும்ப்பா, லாரி இல்ல இது" என்று மகள் முதல் மாதம் சொன்னாள். நான் முறைத்த முறைப்பில் அதற்கப்புறம் சொல்லவில்லை.

மகளுக்குத் தெரியும். அவசரத்துக்குத் தெரியும். இருவரும் என் பக்கம் திரும்பவில்லை. அவசரம் தன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்; கையில் அழுக்கில்லை.

எங்கள் வக்கீல் முந்திக்கொண்டார். "நட், போல்ட் எல்லாம் ஃபிட்டர் வேலைதானே? இவர்தானே இங்க ஃபிட்டர்?"

"ஆமாங்க" என்றான் அவசரம். "என் வேலைதான்."

"அவர் வேலை இல்ல" என்றாள் மகள். "சாவி என்கிட்ட. ரெஞ்ச் என்கிட்ட. சில நாள் அளவை மாத்தி வெச்சிருப்பேன். நான்தான்."

"பாப்பா, நீங்க சும்மா இருங்க. நான்தான் சந்தேகத்துக்கு இன்னொரு தரம் இறுக்கினேன்."

"உங்களை யாரும் கேக்கல."

"என்னைத்தான் கேட்டாரு."

அண்ணன் அவர்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இது என்னங்க, பந்தியில இலைக்கு அடிச்சுக்கற மாதிரி தப்புக்கு அடிச்சுக்கறாங்க?"

நான் என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லும்போது அவள் முகம் கல் மாதிரி இருந்தது. இந்தத் தொழில் நடத்த அவள் பேரில்தான் உரிமம். அளவை மாற்றி வைத்தேன் என்று அவள் வாயால் பதிவானால் அது போய்விடும், இனி எந்தத் திடலும் அவளை உள்ளே விடாது. அவசரத்துக்கு இந்த வயதில் வேறு வேலை கிடைக்காது. இரண்டு பேருக்கும் இது தெரியும். வீட்டு மானத்தைக் காப்பவன் நான் ஒருவன்தான் என்று எண்ணிக்கொண்டே எழுபத்தாறு வயது வரை வந்துவிட்டேன். எனக்குக் காவலாக இத்தனை நாள் இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள். நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்போது வெளியே எஞ்சின் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. காலை முதல் சுற்றுக்கு ஆறு பேர் ஏறியிருந்தார்கள்.

மற்ற பதினோரு வண்டிகளும் என் கையால் இழுபட்டவை என்பது அந்தக் கொட்டகையில் வேறு யாருக்கும் அந்த நொடியில் உறைத்ததா தெரியாது. எனக்கு உறைத்தது. விபத்துக்குப் பிறகும் ஐந்து மாதமாக, தினமும்.

நான் ஓடவில்லை, என்னால் ஓட முடியாது. நடந்து போய், வரிசையின் முன்னால், முதல் வண்டியின் கைப்பிடியில் கையை வைத்து நின்றேன்.

"எஞ்சினை நிறுத்துங்க. எல்லாரும் இறங்குங்க."

வழிகாட்டி ஓடி வந்தார். "என்னங்க ஐயா, சுத்து ஆரம்பிச்சாச்சு."

"இன்னிக்குச் சுத்து இல்லை. நாளைக்கும் இல்லை. இறங்கச் சொல்லு."

மூன்றாவது வண்டியில் இருந்த இளம்பெண் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, "ஏன் தாத்தா, வண்டி ரிப்பேரா?" என்றாள்.

"வண்டி இல்லம்மா, நான்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இறங்கினாள்.

திரும்பிக் கொட்டகைக்குள் வந்தேன். எல்லோரும் வாசலில் கூடியிருந்தார்கள். நான் நிபுணரின் முன்னால் நேராக நின்றேன்.

"எழுதிக்குங்கம்மா. அந்த இன்னொரு கை என்னுது. தினமும் காலையில, எல்லா வண்டியிலயும், எல்லா நட்டையும் அளவுக்கு மேல இழுத்தது நான். என் மகள் வேண்டாம்னு சொன்னா. நான் கேக்கல. இந்த ஆள் ஒரு நட்டைத் தொட்டதில்லை."

வக்கீல் எழுந்துவிட்டார். "ஐயா, கொஞ்சம் வெளியே வாங்க, பேசுவோம்."

"வெளியே பேசறதை இங்கேயே பேசலாம்."

"இது பதிவாகுதுங்க. படிவம் இனி ஒண்ணுக்கும் உதவாது. இன்சூரன்ஸ்காரங்க—"

"எங்க வீட்டுத் தப்பை எங்க வீட்டு ஆள் சொல்லணும். அடுத்தவங்க கண்டுபிடிச்சுச் சொல்றவரைக்கும் உக்காந்திருக்க மாட்டேன்."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் இறங்கியதை நான் கண்டேன். இத்தனை மாதம் அது தூக்கியே இருந்திருக்கிறது.

நிபுணர் என் பேச்சை மட்டும் எழுதிக்கொண்டு விடவில்லை. "செஞ்சு காட்டுங்க" என்றார். தட்டில் ஒரு புது போல்ட்டைப் பொருத்தி, நட் போட்டு, அளவு காட்டும் கருவி ஒன்றை அதன்மேல் மாட்டினார். என் நீள ஸ்பானரை அவசரம் எடுத்து வந்து தந்தான். கால் அகட்டி நின்று, எப்போதும் போல் ஒரு இழுப்பு இழுத்தேன்.

நிபுணர் எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "வேண்டியதைப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு."

"பெரியவரே" என்றார் அண்ணன், "நீங்க என்னதான் சாப்பிடறீங்க?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். சிரித்தால் இடுப்பு வலிக்கும் போலிருக்கிறது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே சிரித்தார். எனக்கு முன்னால் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

பிறகு அந்த மூன்றாவது வண்டியைப் பார்த்தோம். வலது பின் சக்கரத்தில் இரண்டு போல்ட்டுகளில் விரிசல். நிபுணர் சிவப்புத் திரவம் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவினார். சற்று நேரத்தில் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கோடு தானாக ஊறி வந்தது, நகத்தில் கீறினால் ரத்தம் கசிவது போல. அந்த இளம்பெண் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று பார்த்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் விளக்கவில்லை. அவள் கால் தானாக இரண்டடி பின்னால் போனது.

எல்லாம் முடிந்து புறப்படும்போது நான் அந்த அம்மாளிடம் போனேன். "உங்க ஆபீஸுக்கு நான் எழுதின கடுதாசியை வாபஸ் வாங்கி இன்னிக்கே வேற எழுதித் தர்றேன்."

"கடுதாசி வேண்டாங்க ஐயா."

"பின்னே?"

"கடுதாசி ஃபைல்ல போய்ப் படுத்துக்கும். முதல்ல எழுதினதைப் படிச்சவங்க இதைப் படிக்கணும்னு கட்டாயமா? புதன்கிழமை விசாரணை. நீங்க வந்து நின்னு சொல்லுங்க."

ஒரு மேசைக்கு முன்னால் போய் நின்று எனக்குப் பழக்கமில்லை. என் தகப்பனாரும் நின்றதில்லை. அந்த அம்மாள் ஊன்றுகோலில் சாய்ந்து என் பதிலுக்காகக் காத்திருந்தார். கெஞ்சவில்லை. தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறவரின் நிதானம். எங்கள் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவர் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த உச்சபட்சப் பாராட்டு அது, சொல்லவில்லை.

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

புதன்கிழமை போனேன். பேருந்துப் பணிமனைக்கு மேல் மாடியில் ஒரு அறை. மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள், பக்கத்தில் ஒரு தட்டச்சுக்காரர். கீழே பேருந்துகள் உள்ளே வருவதும் போவதுமாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அந்த அம்மாள் சுவரோரம் பெஞ்சில், சீருடையில் உட்கார்ந்திருந்தார். மகள் என்னோடு வந்தாள். வாசலுக்கு வெளியே நிற்கிறேன் என்றாள். உள்ளே வா என்றேன்.

நடுவில் இருந்த அதிகாரி என் பழைய கடிதத்தைப் படித்தார். பிறகு நிபுணரின் அறிக்கையைக் காட்டினார். "ரெண்டுல எது சரி?"

"அறிக்கைதான் சரி. நான் எழுதினது தப்பு. வண்டியைப் பார்க்காமலே எழுதினேன். இந்த அம்மா ஓட்டினதுல ஒரு குறையும் இல்லை. சக்கரம் போன வண்டியில உக்காந்துக்கிட்டு யாராலயும் எதுவும் பண்ண முடியாது."

"உங்க மேலேயே சொல்லிக்கறீங்க, புரியுதா?"

"புரியுது."

"யாராவது வற்புறுத்தினாங்களா?"

பின்னால் மகள் ஒரு சத்தம் போட்டாள். இருமலா சிரிப்பா தெரியவில்லை.

"என்னை யாரும் எதுக்கும் வற்புறுத்தினது கிடையாது" என்றேன்.

தட்டச்சுக்காரர் அடித்து முடித்துத் தாளை என் முன்னால் வைத்தார். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில், வாகன உரிமையாளர் தரப்பின் கவனக்குறைவு என்றிருந்தது. நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"இது சரியில்லை. கவனக்குறைவு இல்லை. தினமும் கவனிச்சேன். கவனிச்சதுதான் அளவுக்கு மேல போச்சு. அப்படி எழுதுங்க."

தட்டச்சுக்காரர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி படிவத்தைத் திருப்பி, மேலிருந்து கீழ் வரை பொறுமையாகப் பார்த்தார்.

"ஓட்டுநர் தவறு, சாலைக் குறைபாடு, இயற்கைக் காரணம், உரிமையாளர் கவனக்குறைவு. நாலு கட்டந்தாங்க இருக்கு. நீங்க சொல்றதுக்குக் கட்டம் இல்லை."

அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். சுவரோரம் அந்த அம்மாள் ஊன்றுகோலை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போடாத வரை, என் பழைய கடிதத்தால் விழுந்த குறி ஓட்டுநர் தவறு என்ற முதல் கட்டத்திலேயே நிற்கும்.

பேனாவை எடுத்து, நாலாவது கட்டத்துக்கு நேராக, என் தகப்பனார் பெயரை முன்னால் எழுதி, என் பெயரை அதற்குப் பின்னால் எழுதினேன்.